வத்திராயிருப்பு தந்த ஒளி: அறிவியலறிஞர் கே.எஸ். கிருஷ்ணன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சாரலில் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த ஊர்கள் மூன்று. தெற்கே பஞ்சும் நூலும் வளர்த்த இராசபாளையம். அதற்கு வடகிழக்கே ஆண்டாளாலும் பெரியாழ்வாராலும் தமிழுலகம் அறிந்த திருவில்லிபுத்தூர். இன்னும் வடக்கே சென்றால் மலையடிவாரத்து வயல்களுக்கிடையே வத்திராயிருப்பு. இம்மூன்று ஊர்களிலும் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகின்றனர். சர் சி.வி. இராமனின் படம் வைக்கப்படுகிறது. இராமன் விளைவு கண்டறியப்பெற்ற ஆண்டு 1928 என்று மனப்பாடமாகச் சொல்லப்படுகிறது. அவ்விளைவை முதன்முதலிற் கண்ணாற் கண்ட இருவருள் ஒருவர் தங்கள் ஊரார் என்பதை அப்பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர் என்று வினவினால் விடை மகிழ்ச்சி தருவதாக இராது.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்னும் அப்பெருமகனாரின் ஆய்வுகள் அனைத்தையும் எடுத்துரைப்பது இயற்பியல் துறையார்க்குரிய பணி. தமிழ்த்துறை மலரில் அவரைப் பற்றி எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. கடினமான அறிவியற் கருத்தை இளையோர்க்கு விளங்கச் சொல்லலாம், அதனைத் தாய்மொழியிலேயே சொல்லலாம் என்னும் நம்பிக்கையை வாழ்நாள் முழுதும் கொண்டிருந்தவர் அவர். உலகின் முன்னணி அறிவியலாருள் ஒருவராக விளங்கியவர் அவ்வாறு நம்பினார் என்பதே நம் கவனத்துக்குரியது. அறிவியல் அறியாதார் தமிழுக்காக வாதாடுவதும், தமிழறியாதார் அது இயலாதென மறுப்பதும் நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருபவை. இரண்டையும் ஆழக் கற்றவரின் சொல்லுக்கு வேறு மதிப்பு உண்டல்லவா?

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் வத்திராயிருப்பிற் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு இணைந்து, 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அடங்கிற்று. தந்தையார் உழவுத்தொழிலோடு தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் தோய்ந்தவர். ஆதலின் மைந்தருக்குப் பாடப்புத்தகம் கைக்கு வருமுன்பே செய்யுள் காதுக்கு வந்துவிட்டது. அதே 1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அதே மலையடிவாரத்தில், இராசபாளையத்திற் பிறந்த மற்றொருவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் 1949இல் சென்னை மாநில முதலமைச்சரானார். தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கு வழங்கினார். ஒருவர் ஆட்சிக்கும் ஒருவர் ஆய்வுக்குமாகச் சென்றனர். ஒரே ஆண்டில் இத்துணைச் சிறு வட்டாரம் இருவரைத் தந்தது குறித்து நாம் சற்றே பெருமை கொள்ளலாம்.

வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் கிருஷ்ணன் பள்ளிக்கல்வி பயின்றார். திருவில்லிபுத்தூர் அந்நாளிலேயே படிப்பாளிகளின் ஊர். அங்குள்ள பென்னிங்டன் நூலகம் 1875இல் தோன்றியது. சென்னை மாகாணத்தின் பல பெரிய ஊர்களில் பொது நூலகம் என்ற எண்ணமே எழாத காலம் அது. உயர்நிலைப் பள்ளியில் தமக்கு அறிவியல் கற்பித்த ஆசிரியரைக் கிருஷ்ணன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். அவ்வாசிரியர் அறிவியலில் உயர்பட்டம் பெற்றவரல்லர். எனினும் பாடத்தைத் தெளிவாகச் சொல்லி, அதன்மேல் ஆவலையும் தூண்டவல்லவராக இருந்தார். உலகப் புகழ் எய்திய பின்னரும் பேராசிரியர் பலரை விட்டு ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரை அவர் நினைத்தமை சிந்திக்கத்தக்கது.

அக்காலத்தில் உயர் வகுப்புகளில் அறிவியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. வீட்டில் தமிழ், ஏட்டில் ஆங்கிலம் என்னும் இருவேறு உலகங்களுக்கிடையே நாள்தோறும் நடந்து சென்று திரும்பிய தலைமுறை அது. பலர் பாதிவழியில் நின்றுவிட்டனர். கிருஷ்ணன் போன்ற சிலர் கடந்தனர். கடந்தவர்களுள் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை, கிருஷ்ணன் பார்த்தார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். கிறித்தவக் கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. சென்னை நகரின் நடுவே, ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. பட்டம் பெற்றதும் அங்கேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் பணியில் அமர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்குச் செய்முறை காட்டுவதும் கருவிகளைப் பார்த்துக்கொள்வதுமே அப்பணி. கல்லூரி ஆசிரியப் படிகளில் கடைசிப் படி. பாடம் நடத்தும் பொறுப்பு அவருக்கு இல்லை. ஆயினும் நண்பகல் உணவு இடைவேளையில் மாணவர் சிலர் அவரைச் சூழ்ந்து ஐயம் கேட்கத் தொடங்கினர். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய எதிலும், யாரும், எவ்வினாவும் கேட்கலாம் என்பதே அக்கூட்டத்தின் ஒரே விதி. வருகைப்பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. செய்தி பரவி அண்டைக் கல்லூரி மாணவரும் வரலாயினர்.

இருபது அகவையை ஒட்டிய இளைஞர் ஒருவர், தம்மினும் இரண்டு மூன்று ஆண்டு இளையோர்க்கு, உணவு வேளையை விட்டுக்கொடுத்து விடை சொன்ன அந்நிகழ்ச்சியைக் கிருஷ்ணனின் வாழ்வில் ஒரு சிறு செய்தியாகக் கருதி நூலோர் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அதுவே அவர் வாழ்வின் திறவுகோலாகத் தோன்றுகிறது. எவ்வினாவும் கேட்கலாம் என்று சொல்லும் துணிவு எல்லா ஆசிரியர்க்கும் வருவதன்று. தெரியாததைத் தெரியாதென்று சொல்லவும், தெரிந்ததை வேறு வேறு வகையில் திருப்பித் திருப்பிச் சொல்லவும் அணியமாக இருப்பவரே அவ்விதியை வகுக்க இயலும்.

கடல் ஏன் நீலம்?

கல்கத்தாவில் இராமன் நிகழ்த்திய ஆய்வுகளின் புகழ் கேட்டு 1920இல் கிருஷ்ணன் அந்நகருக்குச் சென்றார். பல்கலைக்கழக அறிவியற் கல்லூரியிற் பயின்று, 1923 முதல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வுத் துணைவரானார். பௌபசார்த் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் அக்கழகம் இயங்கிற்று.

அங்கு நடந்த ஆய்வின் வேர், குழந்தைகள் எல்லாரும் கேட்கும் ஒரு வினாவில் இருக்கிறது. கடல் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்பதே அது. வானின் நீலம் நீர்ப்பரப்பிற் பட்டுத் திரும்புவதே காரணம் என்று ஆங்கில அறிஞர் ராலே பெருமகனார் கூறியிருந்தார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய இராமன் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு அவ்விடையில் ஐயுற்றார். பரப்பிற் பட்டுத் திரும்பும் ஒளியைத் தம்மிடமிருந்த ஒரு பட்டகத்தால் அகற்றிவிட்டுப் பார்த்தார்; நீலம் குறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே கதிரொளியைச் சிதறடிக்கின்றன, அவ்வாறு சிதறுவதில் நீலம் மிகுதி என்பது தெளிவாயிற்று. பெரியோர் சொன்ன விடையை ஏற்று வாளாவிருந்திருந்தால் பின்வந்த ஆய்வுகளுள் ஒன்றும் நிகழ்ந்திராது.

அதன்பின் நீர்மங்கள் பலவற்றினூடே ஒளி சிதறும் வகை ஆராயப்பட்டது. கிருஷ்ணன் பல்வகை நீர்மங்களைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தார். சிதறிய ஒளியில் ஓர் ஐயத்துக்குரிய மங்கிய சாயல் அவ்வப்போது தலைகாட்டியது. 1923இல் கே.ஆர். இராமநாதன் அதனைக் கண்டார். நீர்மத்தில் கலந்துள்ள மாசின் விளைவாகலாம் என்று முதலிற் கருதப்பட்டது. மீண்டும் மீண்டும் வாலை வடித்தும் அது மறையவில்லை. 1928இன் தொடக்கத்தில் எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இராமற் பச்சையாக இருப்பதைக் கண்டார். மருந்துக்கடையிற் கிடைக்கும் அதே கிளிசரின்தான். அப்போது கிருஷ்ணன் சில காலமாகக் கணிதக் கோட்பாட்டிலேயே ஆழ்ந்திருந்தார். அறிவியலார் செய்முறையை விட்டு நெடுநாள் விலகியிருத்தல் நன்றன்று எனக் கருதிய இராமன் அவரை மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். பிப்ரவரி முதல் வாரத்திற் கிருஷ்ணன் சோதனையைத் தொடங்கினார்; நாள்தோறும் கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். அக்குறிப்பு இன்றளவும் அறிவியல் வரலாற்றாசிரியர்க்கு முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

என்ன செய்தார்கள் என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்க்குச் சொல்வதாயின் இப்படிச் சொல்லலாம். இருட்டறையில் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி வில்லை ஒன்றாற் கதிரவன் ஒளியைக் குவித்து உள்ளே விடுகின்றோம். வழியில் ஊதாநிறக் கண்ணாடி ஒன்றை வைத்தால் ஊதாவொளி மட்டுமே அதனைக் கடந்து வரும். அது ஒரு குப்பியிலுள்ள தூய நீர்மத்தின்மேல் விழுந்து சிதறுகிறது. குப்பிக்கும் நம் கண்ணுக்கும் இடையே பச்சை கலந்த மஞ்சள்நிறக் கண்ணாடி ஒன்றைப் பிடிக்கின்றோம்; இது ஊதாவைத் தடுப்பது. உள்ளே சென்றது ஊதா மட்டுமே, அதனையும் தடுத்தாயிற்று. எனவே ஒன்றும் தெரியலாகாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிகிறது! உள்ளே செல்லாத நிறம் வெளியே வந்தது எவ்வாறு?

ஊஞ்சலின்மேல் எறிந்த பந்தை நினைத்துக்கொள்க. பந்து பட்டதும் ஊஞ்சல் ஆடத் தொடங்குகிறது. அந்த ஆட்டத்துக்குரிய விசையைப் பந்து கொடுத்துவிட்டுச் சற்றே தளர்ந்து திரும்புகிறது. நீர்மத்தின் மூலக்கூறுகளும் இத்தகைய ஊஞ்சல்களே. அவற்றின்மேல் விழும் ஒளி தன் ஆற்றலில் ஒரு சிறு பங்கை அவற்றின் அசைவுக்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. சிதறும் ஒளியிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் அதனினும் குறைவு, இவ்வாறு மாறுகிறது. எந்த மூலக்கூறு எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது அதனதன் அமைப்பைப் பொறுத்தது. ஆகவே மாறிய நிறத்தை அளந்தால் பொருளின் உள்ளமைப்பை அறியலாம். இன்று மருந்துகளின் தூய்மையை ஆய்வதற்கும், பழைய ஓவியங்களின் வண்ணப்பொருளை அறிவதற்கும், வைரம் மெய்யா போலியா எனக் காண்பதற்கும் இம்முறை பயன்படுகிறது. அன்றோ கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இருளுக்குப் பழகிய மனிதக் கண்ணே கருவி. அக்கண்களுள் இரண்டு வத்திராயிருப்புக் கண்கள்.

பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டி வழியே நோக்கியபோது மாறிய ஒளி தனியே பிரிந்து நின்றது உறுதியாயிற்று. இராமன், கிருஷ்ணன் இருவர் பெயராலும் எழுதப்பெற்ற கடிதம் நேச்சர் இதழில் 1928 மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் என்னும் உருசிய அறிஞர் இருவர் பளிங்குக்கல்லில் இதே விளைவைத் தனித்துக் கண்டிருந்தனர்.

1930ஆம் ஆண்டு நோபெல் பரிசு இராமன் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனுக்குப் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஏழாண்டுகள் விடாது தேடி வழிகாட்டிய இராமனுக்கே அது உரியதென்போரும் உண்டு. என் கருத்தில் இரு சாராரும் மெய்யின் ஒவ்வொரு பாதியைப் பற்றிக்கொண்டிருக்கின்றனர். தேடலும் வினாவும் இராமனுடையவை. அந்த மூன்று வார உழைப்பிற் கிருஷ்ணனின் கை மிகுதி. தாம் புறக்கணிக்கப்பட்டதாகக் கிருஷ்ணன் பொதுவெளியில் முறையிட்டதில்லை. அவர் வாளாவிருந்தமையால் நாமும் அவர் பெயரை விட்டுவிடலாம் என்பது முறையாகாது. இராமன் விளைவைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கால் கடிதத்திற் கையெழுத்திட்டவர் இருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பென்சில் முனையும் காந்தமும்

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகச் சென்றார். அங்கே அவர் செய்த ஆய்வுகள் இராமன் விளைவினும் குறைவாகவே பேசப்படுகின்றன. ஆனால் அவையே முழுவதும் அவருக்குரியவை. படிகங்களின் காந்தப் பண்பு எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. அவ்வேறுபாட்டை நுட்பமாக அளக்க அவர் வகுத்த முறை வியப்பூட்டும் எளிமையுடையது. மிக மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே வைத்தார். இழையின் மேல்முனையை மெல்லத் திருக்கினார். காந்தம் படிகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. முறுக்கோ அதனைத் திருப்பப் பார்க்கிறது. முறுக்கு ஓர் எல்லையைக் கடந்ததும் படிகம் சட்டெனப் புரண்டுவிடும். புரளும் அக்கோணத்தை அளந்தால் படிகத்தின் காந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். ஊஞ்சற் கயிற்றை முறுக்கிவிட்டு விளையாடிய எக்குழந்தைக்கும் இது விளங்கும்.

இம்முறையால் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று கிராஃபைட்டு. பள்ளிப் பிள்ளைகளின் பென்சிலில் இருப்பது அதுவே. கிராஃபைட்டின் அணுக்கள் ஓலைச்சுவடி போல் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஓர் ஏட்டுக்குள் பிணைப்பு வலிது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே மெலிது. அதனாற்றான் எழுதும்போது ஏடுகள் வழுக்கித் தாளில் ஒட்டிக்கொள்கின்றன. எலெக்ட்ரான்கள் ஓர் ஏட்டின் பரப்பில் தாராளமாக உலவுகின்றன; ஏடு விட்டு ஏடு தாவ மிகவும் வருந்துகின்றன. காந்தத்தின் முன் கிராஃபைட்டு திசைக்கொரு வகையாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுவே. காந்தப் பண்பைக் கொண்டே படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று உய்த்துணரலாம் என்பதைக் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் இணைந்து 1936இல் வெளியிட்ட கட்டுரையிற் கிருஷ்ணன் விளக்கினார்.

டாக்காவில் அவருடன் பணியாற்றியவர் சத்தியேந்திரநாத் போஸ். ஐன்ஸ்டைனோடு பெயர் இணைத்துப் பேசப்படும் அப்பேரறிஞர் வங்கமொழியில் அறிவியல் பரப்புவதைத் தவமாகக் கொண்டவர். இரவீந்திரநாத் தாகூர் இளையோர்க்கு அண்டத்தையும் அணுவையும் விளக்கி விசுவ பரிசய் என்னும் நூலை 1937இல் வெளியிட்டபோது அதனைப் போசுக்கே காணிக்கையாக்கினார். 1948இல் போஸ் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்கமொழியில் அறிவியல் இதழும் தொடங்கினார். பெருங்கவிஞர் ஒருவர் சிறுவர்க்காக இயற்பியல் எழுத, பெரும் இயற்பியலார் ஒருவர் மொழிக்காக இதழ் நடத்திய அந்நிலத்தின் காற்றைக் கிருஷ்ணன் நெடுங்காலம் சுவாசித்தார்.

1933இல் கல்கத்தாவுக்கு மீண்டு, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். 1937இல் ஐரோப்பா சென்று கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் தம் ஆய்வுகளை எடுத்துரைத்தார். 1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் ஃபெலோவானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946இல் சர் பட்டம்.

அலகாபாத் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இராமன் விளைவு வெளிப்பட்ட அதே 1928ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வூரிலிருந்து ஜவாகர்லால் நேரு, முசௌரி மலையிலிருந்த தம் பத்து அகவை மகளுக்கு உலகம் தோன்றிய வகையையும் உயிர்கள் வளர்ந்த வரலாற்றையும் கடிதங்களாக எழுதினார். அவை மறு ஆண்டு நூலாயின. ஒரு தந்தை தம் குழந்தையை மதித்துப் பேசினால் புவியியலும் வரலாறும் எத்துணை எளிதாகும் என்பதற்கு அந்நூல் சான்று. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. திருவில்லிபுத்தூர்ப் பிள்ளைக்கு அத்தகைய கடிதத்தை யார் எழுதுவது என்னும் வினா அன்றும் எஞ்சி நின்றது.

தமிழில் அறிவியல்

அவ்வினாவுக்கு விடைகூற முயன்றோர் இல்லாமலில்லை. வழக்கறிஞரான பெ.நா. அப்புசுவாமி 1891இற் பிறந்து 1986 வரை வாழ்ந்து, அறிவியலைத் தமிழில் எழுதுவதையே வாழ்வாக்கிக்கொண்டார். இராசாசி திண்ணை ரசாயனம் எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. இவர்கள் மூவரும் வழக்கறிஞர், அரசியலார், கவிஞர். அறிவியலைத் தொழிலாகக் கொண்டோர் இத்துறையில் இறங்கியது அரிது. கிருஷ்ணனின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அறிவியல் தாய்மொழியிற் கற்பிக்கப்படவேண்டும் என்று அவர் வற்புறுத்தியதோடு, தாமே தமிழில் அறிவியற் கட்டுரைகளும் எழுதினார். மிக நுண்ணிய கருத்தும் தமிழில் இயலும் என்பதை வாதத்தால் நிறுவாது எழுதியே காட்டினார்.

கலைச்சொல் போதாமையே தடை என்பர் சிலர். கலைச்சொல் வேண்டியதுதான், ஆனால் அதற்குமுன் கருத்துத் தெளிவு வேண்டும். ஆங்கிலப் பாடநூலை வரிக்கு வரி தமிழாக்கி, ஒவ்வொரு வரியிலும் மூன்று புதுச்சொற்களைப் புகுத்திவிட்டுப் பிள்ளைக்கு விளங்கவில்லையே என வருந்துவதில் பயனில்லை. இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் மகனுக்கு இழை, முறுக்கு, இழுவிசை என்பவை வீட்டிற் கேட்ட சொற்கள். அங்கிருந்து குவார்ட்சு இழைக்குச் செல்வது ஓர் எட்டுத் தொலைவே. ஆங்கிலத்திலிருந்து தொடங்கினாலோ நெடும்பயணம். சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி 1938ஆம் ஆண்டளவில் இடம்பெற்றது. கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு கோவை அரசு கலைக்கல்லூரியில் 1960இல்தான், அதுவும் கலைப் பாடங்களில் மட்டும் தொடங்கிற்று. அறிவியல் பின்னரே வந்தது. பள்ளியில் தமிழிற் பயின்ற பிள்ளை கல்லூரி வாயிலில் தன் இயற்பியலை விட்டுவிட்டு உள்ளே நுழைய வேண்டிய நிலை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் வகுப்பில் எழுந்து வினவத் தயங்குவதைக் காணும் ஆசிரியர் எவர்க்கும் இது விளங்காததன்று.

நாட்டின் அளவுகோலைக் காத்தவர்

விடுதலையை ஒட்டிய நாள்களில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்றார். அதன் கட்டடம் 1950 ஜனவரி 21இல் திறந்துவைக்கப்பட்டது. 1948இல் அமைக்கப்பெற்ற அணுவாற்றல் ஆணையத்தில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் அவரும் உறுப்பினர். 1949இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பல்கலைக்கழக மானியக்குழுவிலும் இடம்பெற்றார். 1954இல் பத்ம பூஷண் விருதும், பின்னர்ப் பட்நாகர் பரிசும் பெற்றார். அப்பரிசை முதன்முதற் பெற்றவர் அவரே.

அந்நாளில் அவ்வாய்வகத்தின் பணி ஒவ்வோர் இல்லத்தையும் எட்டியது. நாட்டின் எடைக்கும் நீளத்துக்கும் மூலஅளவு காப்பது அதன் கடமை. 57ஆம் எண்ணிட்ட பிளாட்டினம்-இரிடியக் கிலோகிராம் அங்கேதான் வைக்கப்பட்டது. 1956இல் எடை அளவைச் சட்டம் நிறைவேறிற்று. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்குப் பதினாறணா என்பது போய் நூறு நயாபைசா வந்தது. மறு ஆண்டு முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாற்பது பலம் ஒரு வீசை என்று வாய்பாடு சொல்லிவந்த திருவில்லிபுத்தூர்க் கடைத்தெருவும், படியால் நெல்லளந்த வத்திராயிருப்புக் களமும் புதிய கணக்குக்கு மாறின. முதியோர் தடுமாறினர், பள்ளிப் பிள்ளைகளோ பத்துப் பத்தாகப் பெருக்குவதை எளிதிற் பற்றிக்கொண்டனர். கடைவாயிலில் பாட்டிக்குப் பேரன் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது.

அதே 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டு நடைபெற்றது. வல்லரசுகள் ஒன்றையொன்று அஞ்சி அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த வேளையில் 67 நாடுகளின் அறிவியலார் புவியின் காந்தத்தையும் காற்றுமண்டலத்தையும் பனிமுனைகளையும் சேர்ந்து அளந்தனர். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4இல் ஏவப்பட்டதும் இதன் பகுதியாகவே. இந்தியப் பங்கேற்புக்கான தேசியக் குழுவுக்குக் கிருஷ்ணன் தலைவராக இருந்தார். பகை நாடுகள் எவ்வாறு ஒன்றாய் உழைத்தன என்று வினவும் பிள்ளைக்குச் சொல்ல இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அந்நூற்றாண்டில் அரிது. காற்றுக்கும் காந்தத்துக்கும் எல்லைக்கோடு இல்லை. ஆதலின் அவற்றை அளக்க முனைந்தவர்களும் எல்லை கடக்க வேண்டியிருந்தது.

இத்துணைப் பொறுப்புகளுக்கிடையிலும் கிருஷ்ணன் ஆய்வை விடவில்லை. சூடேறிய உலோகங்கள் எலெக்ட்ரான்களை உமிழும் வகையை இறுதிவரை ஆராய்ந்தார். வடமொழியும் தமிழும் உடன் இருந்தன. கதை சொல்வதில் வல்லவர், நகைச்சுவையுணர்வு மிக்கவர் என்பர் பழகியோர். நேரு அவரைப் பெரும் அறிவியலார் என்பதோடு நிறுத்தாது, முழுமை பெற்ற மனிதர் என மதித்தார்.

1961 ஜூன் 14ஆம் நாள் புதுதில்லியில் மாரடைப்பால் கிருஷ்ணன் மறைந்தார். அகவை 62.

மறு ஆண்டு, 1962இல், நாட்டின் மூன்றாம் பொதுத்தேர்தல் நடைபெற்றது. வாக்களித்தோர் விரலில் வைப்பதற்கான அழியாத மை அவர் பதினான்கு ஆண்டுகள் பேணி வளர்த்த ஆய்வகத்தில் உருவானது. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட்டு தோலிற் படிந்து, ஒளி பட்டதும் கருமையாகிறது. சோப்பும் எண்ணெயும் அதனை அகற்றா. இன்றும் தேர்தல் நாளில் வத்திராயிருப்பிலோ இராசபாளையத்திலோ வாக்களித்துவிட்டு வெயிலில் இறங்கும் தாயின் விரலைப் பற்றிப் பார்த்து, இது ஏன் அம்மா கறுக்கிறது என்று கேட்கின்ற குழந்தைக்கு, ஒளியைப் பற்றிய அந்த நீண்ட கதையை அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.